எட்டடித் தொட்டியில் ஒரு ஜோடி

ஈப்போவில் எந்த மீன்கடையில் கேட்டாலும் இந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைப்பதில்லை. "ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில போடலாமா?" கடைக்காரர் மீனைப் பார்க்க மாட்டார், நம்மைப் பார்ப்பார். எவ்வளவு செலவு பண்ணக்கூடிய ஆள் என்று ஒரு கணக்கு ஓடும். அப்புறம் "லக் லா, தங்காச்சி" என்பார்.

நான் கேட்டது கிளாத்தி மீனைப் பற்றி. கிளாத்தி என்பது தமிழ்நாட்டுக் கடலோரத்துச் சொல். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. நம் பாசாரில் இதன் இனத்தைச் சேர்ந்த ஒன்று ஜெபோங் என்ற பெயரில் வரும். தோல் அவ்வளவு தடிப்பு, உரித்துவிட்டுத்தான் சமைக்க வேண்டும். ஆங்கிலத்தில் டிரிகர் ஃபிஷ், துப்பாக்கி விசை மீன். அந்தப் பெயர் முதுகு முள்ளால் வந்தது. முதல் முள்ளை நிமிர்த்தியதும் இரண்டாவது முள் அதன் அடியில் போய் முட்டுக் கொடுத்து நின்றுகொள்ளும். அதற்குப் பிறகு முதல் முள்ளை எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. இரண்டாவதைக் கீழே தள்ளினால்தான் முதலாவது மடியும். ராத்திரியானால் இந்த மீன் பாறை இடுக்கில் நுழைந்து, முள்ளை நிமிர்த்தி, தன்னைத் தானே பூட்டிக்கொண்டு தூங்கும். வெளியிலிருந்து யாரும் இழுத்து எடுக்க முடியாது. எனக்கு அந்த மீனிடம் பிடித்த விஷயம் இது ஒன்றுதான். மற்றபடி அது கடிக்கும், கல்லை நகர்த்தும், கோபம் வந்தால் உறுமும். மீன் உறுமும் என்பதை நான் இந்தத் தொட்டி வந்தபிறகுதான் தெரிந்துகொண்டேன்.

தொட்டி அண்ணனுடையது. மீனும் அண்ணனுடையது. வேலை என்னுடையது. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறான், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவான். புந்தோங்கில் எங்கள் வரிசை வீட்டு ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு எட்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் தொட்டி நிற்கிறது. சுமார் 900 லிட்டர் தண்ணீர். பாறை, கண்ணாடி, மணல் எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னுக்கு மேல். "ஈப்போவுக்கு அடியில பூரா சுண்ணாம்புக்கல்லு, என்னிக்காவது உள்வாங்கிக்கும்" என்று அப்பா முதல் மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கிந்தா பள்ளத்தாக்கில் திடீர்க் குழி விழுவது நடக்காத காரியமும் இல்லை. கடல் இங்கிருந்து தூரம். உப்பைக் கலந்து கடலை நாமே செய்துகொள்ள வேண்டும். உப்பின் அளவைப் பார்க்க ஒரு கருவி, தண்ணீரைக் குளிரவைக்க ஒரு சில்லர், அழுக்கை நுரையாக்கி எடுக்க ஒரு ஸ்கிம்மர். மின்கட்டண பில்லை அண்ணன் கட்டுகிறான் என்பதால் நான் அதிகம் பேசுவதில்லை.

கிளாத்தி இனங்களில் பெரும்பாலானவற்றில் எது ஆண், எது பெண் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கஷ்டம். ஜோடி என்று நம்பி வாங்கினால் இரண்டும் ஆணாக இருக்கலாம். அண்ணன் தேர்ந்தெடுத்தது நீலத்தொண்டைக் கிளாத்தி. இதில் மட்டும் குழப்பம் இல்லை. ஆணுக்குத் தாடைக்குக் கீழே நீலத் திட்டு, துடுப்போரங்களில் மஞ்சள். பெண் சாம்பல் நிறம், அலங்காரம் எதுவும் கிடையாது. பாறைச்சரிவுக்கு மேலே மிதந்தபடி நீரோட்டத்தில் வரும் நுண்ணுயிர்களைத் தின்கிற இனம், ஆகவே கிளாத்திகளில் இது சாது என்று பெயர். ஒப்பிட்டால் சாதுதான். இதே குடும்பத்தில் டைட்டன் என்று ஒரு பெரிய கிளாத்தி இருக்கிறது. முட்டையைக் காக்கும் நாட்களில் அது கடலில் முக்குளிப்பவர்களைத் துரத்தித் துரத்திக் கடிக்கும். தன் கூட்டுக்கு நேர் மேலே, புனல் மாதிரி விரிந்துகொண்டே போகும் நீர்ப்பகுதி முழுவதும் தன்னுடையது என்பது அதன் எண்ணம். அதனால்தான் அதனிடம் மாட்டிக்கொண்டால் மேலே நீந்தாதே, பக்கவாட்டில் போ என்று சொல்லிக்கொடுப்பார்கள்.

ஜோடி என்ற சொல்லே இந்த மீன்கள் விஷயத்தில் கொஞ்சம் பொய். ஒக்கினாவா தீவுகளில் பிக்காசோ கிளாத்தியை நீருக்கடியில் நாள்கணக்காகக் கவனித்திருக்கிறார்கள். ஓர் ஆணின் எல்லைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்கள் இருக்கும். ஆனால் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனக்கென்று ஓர் எல்லை உண்டு. பெண் விடியற்காலையில் முட்டையிடும். அன்று பகல் முழுக்க அங்கேயே நின்று வாயால் தண்ணீரை ஊதி முட்டைக்குக் காற்றுக் கொடுக்கும். பொழுது சாய்ந்ததும் குஞ்சு பொரிந்து கடலோடு போய்விடும். ஒரே நாளில் முடிந்துபோகிற தாய்மை. மற்ற நாட்களில் ஆண் அதன் வழியில், பெண் அதன் வழியில். கடலில் அவை சேர்ந்து வாழ்வதில்லை, பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. தொட்டி வாங்குகிற மனிதனுக்குத்தான் ஜோடி தேவைப்படுகிறது. அண்ணன் இன்றைக்கும் வீடியோவில் கூப்பிட்டால் அம்மா எப்படி, அப்பா எப்படி என்பதற்கு முன்பே "முட்ட போட்டுச்சா?" என்றுதான் கேட்கிறான்.

சேர்த்து வைப்பதற்குச் சில முறைகள் உண்டு. அனுபவசாலிகள் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கிறார்கள். முதலில் பெண்ணை விட வேண்டும். அது இரண்டு மூன்று வாரம் தனியாகச் சுற்றி, எந்த இடுக்கு எங்கே போகிறது என்று கற்றுக்கொள்ளட்டும். ஆணைக் கடைசியாக விட வேண்டும், அதுவும் நடுவில் துளை போட்ட தடுப்பு வைத்து. ஒரு வாரம் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளட்டும், தொட முடியாது. பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் தடுப்பை எடுக்க வேண்டும். இரையைத் தொட்டியின் இரண்டு முனையிலும் போட வேண்டும். எல்லாம் சொன்னபடி நடந்தது. மூன்று மாதம் எந்தப் பிரச்சினையும் இல்லை.

நான்காவது மாதம் பெண்ணின் வால் ஓரம் கிழிந்திருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம். அது தொட்டியின் மேல்மூலையில், தண்ணீர் விழுகிற குழாய்க்கு அருகே, அசையாமல் நின்றது. இரை போட்டால் வராது. ஆண் நடுவில் இருந்தது. துரத்திக்கொண்டே இருக்கவில்லை. சும்மா நின்றது. பெண் ஒரு முழம் கீழே இறங்கினால் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

அத்தைதான் முதலில் சொன்னது. அப்பாவுக்கு அக்கா. எழுபத்திரண்டு வயது. பகலில் தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து காச்சாங் பூத்தே கொறிப்பது அவருடைய பொழுதுபோக்கு. டிவியைவிட இது தேவலாம், விளம்பரம் இல்லை என்பார். அன்றைக்கு எழுந்து போய், ஆண் மீன் நிற்கிற இடத்துக்கு நேராகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தன் முகத்தை வைத்துப் பார்த்தார்.

"இங்கேர்ந்து பாத்தா எல்லாமே தெரியுதே."

"என்ன அத்தை?"

"அவன் நிக்கற எடத்துலேர்ந்து பாரு. இந்த மூல, அந்த மூல, எல்லாம் தெரியுது. அது எங்கிட்டு போயி ஒளியும்?"

அண்ணன் பாறைகளை அழகுக்காக நடுவில் ஒரே வளைவாக அடுக்கியிருந்தான், யூடியூபில் பார்த்த மாதிரி. இரண்டு பக்கமும் வெட்டவெளி. இடுக்குகள் இருந்தன. ஆனால் எல்லா இடுக்கும் ஆணின் காலடியில் இருந்தன, மீனுக்குக் கால் இருந்தால். நான் அத்தை சொல்லச் சொல்லப் பாறையை மாற்றினேன். நடுவில் ஒரு சுவர் மாதிரி குறுக்கே. இடமும் வலமும் தனித்தனிக் குவியல். "ஒரு வழி போதாது, ரெண்டு வழி வை. உள்ள போன பக்கமே வெளிய வரணும்னா மாட்டிக்கும்." சாயங்காலம் வரை நடந்தது அந்த வேலை. முழங்கை வரை உப்புத் தண்ணீரில் ஊறி எனக்குக் கை எரிந்தது. அத்தை இவ்வளவு பேசி நான் அன்றுதான் பார்த்தேன்.

பார்வை படாமல் மறைப்பு வை என்பதைத்தான் மீன் வளர்ப்பவர்களும் சொல்வார்கள். அத்தை அதைப் படித்ததில்லை.

அப்பாவுக்கு இதில் வேறு ஞானம் இருந்தது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அறுபதுகளில் தோட்டத்துப் பையன்கள் எல்லோருக்கும் வாய்க்காலும் வடிகாலும்தான் மீன்கடை. பிடித்தது சண்டை மீன், மலாயில் காரின் என்பார்கள். பச்சையும் நீலமுமாக மின்னும் செதில், வாலோரத்தில் பிறைநிலா மாதிரி ஒரு சிவப்பு. ஓர்லிக்ஸ் போத்தலில் ஒன்று, மருந்து போத்தலில் ஒன்று என்று லயத்து ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்து, நடுவில் அட்டை செருகுவார்கள், ஒன்றையொன்று பார்த்து ஓயாமல் முறைத்துக் களைத்துவிடாமல் இருக்க. சண்டை நாளில் அட்டையை எடுத்துவிட்டு ஒரே போத்தலில் ஊற்றுவார்கள்.

அந்த வாலோரப் பிறையை வைத்துப் பார்த்தால் அப்பா பிடித்தது பெட்டா இம்பெல்லிஸ் ஆகத்தான் இருக்க வேண்டும். மேற்குக்கரை வயல்களிலும் சதுப்புகளிலும் வடிகால்களிலும் வாழ்கிற நம் ஊர் இனம். 1975இல் லாடிகஸ் என்ற ஜெர்மானியர் அதற்கு வைத்த பெயர் இது. லத்தீனில் இம்பெல்லிஸ் என்றால் சண்டையிடாதது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "சண்ட போடாதா? எங்கிட்ட இருந்தது எத்தன மீன கொன்னுச்சு தெரியுமா?"

இந்தக் குடும்பத்தில் பெயர்கள் எல்லாமே இப்படித்தான் இடம் மாறிக் கிடக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த டேனிஷ்காரர் கேண்டர் 1849இல் சயாமின் சண்டை மீனைப் பற்றி எழுதும்போது பக்னாக்ஸ் என்ற பெயரைப் பயன்படுத்தினார். சண்டைக்காரன் என்று பொருள். 1910இல் ரேகன் என்ற ஆங்கிலேயர் அந்தப் பெயர் வேறொரு இனத்துக்கு உரியது என்று சொல்லி, சயாம் மீனுக்கு ஸ்பிளெண்டென்ஸ் என்று புதுப்பெயர் கொடுத்தார். சண்டைக்காரன் என்ற பெயர் கடைசியில் தங்கியது பினாங்கு, பேரா மலையோடைகளில் இருக்கும் ஒரு பழுப்பு மீனிடம். அந்த மீனில் ஆண்தான் முட்டைகளை வாய்க்குள் வாங்கி வைத்துக்கொண்டு, குஞ்சு வெளியே வரும்வரை பட்டினியாகக் கிடக்கும்.

இம்பெல்லிஸ் சண்டையே போடாது என்பதில்லை. முறைக்கும், உடலைப் பக்கவாட்டில் காட்டும், ஒரு கடி கடிக்கும். தோற்றது ஓடிவிடும். துரத்த வேண்டிய அவசியம் ஜெயித்ததற்கு இல்லை. வடிகால் நீளமானது. கொலை நடப்பது போத்தலில். ஆணையும் பெண்ணையும் சேர்த்துவிட்டாலும் அதே கதைதான். ஆண் நுரையால் கூடு கட்டும், பெண்ணை வளைத்து அணைக்கும், விழுகிற முட்டைகளை வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டும். வேலை முடிந்ததும் பெண்ணை அந்த இடத்தை விட்டு விரட்டும். வாய்க்காலில் பெண் போய்விடும். போத்தலில் எங்கே போகும்? "காலையில பாத்தா பொட்ட செத்து மெதக்கும்" என்றார் அப்பா. "நாங்க அது ரொம்ப மூர்க்கமான மீனுன்னு நெனைச்சோம்."

இதை அவர் சொல்லும்போது அத்தை பக்கத்தில்தான் இருந்தார். எதுவும் சொல்லவில்லை. காச்சாங் பூத்தேவில் கடலையை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

தோட்டங்களுக்குப் பெண்களை ஏன் கொண்டுவந்தார்கள் என்பதைப் பற்றி நம்மிடம் அதிகம் பேச்சு இல்லை. கப்பலில் வந்த தாத்தா இருப்பார், பாட்டி அவர் பின்னால் வந்திருப்பார். ஆனால் பாட்டி சும்மா பின்னால் வரவில்லை. துரைமார்களுக்கு ஆள் ஓடிப்போவது பெரிய தலைவலி. தனி ஆண்கள் கூலி கூட கிடைக்கிற தோட்டத்துக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிடுவார்கள். குடும்பமாக இருந்தால் ஓட மாட்டான் என்பது கணக்கு. அது போக, பெண்ணும் பால் வெட்டுவாள், களை எடுப்பாள், குறைந்த கூலிக்கு. 1920களின் இறுதியில் அரசு நிர்ணயித்த கூலியே ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அவள் பெறுகிற பிள்ளையும் நாளைக்குத் தோட்டத்து ஆள்தான். ஆக ஜோடி சேர்த்து வைத்ததில் தோட்டத்துக்கு லாபம் மூன்று வழியில்.

அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட 'ஃபிளீட்டிங் ஏஜென்சீஸ்' இந்தப் பெண்களைப் பற்றிய புத்தகம். பிரிட்டிஷ் மலாயாவின் பழைய கோப்புகளிலிருந்து தோட்டத்துப் பெண்களைத் தேடி எடுத்திருக்கிறார். கணவனை விட்டு இன்னொருவனோடு போனவர்கள், அதனால் நடந்த வழக்குகள், வெட்டுக்குத்துகள். எனக்கு அதில் உறுத்திய விஷயம், அடுத்தவன் மனைவியை ஆசைகாட்டி அழைத்துப் போனான் என்று ஓர் ஆண் இன்னோர் ஆண்மீது குற்றம் சாட்ட முடிந்தது என்பது. அவளாகப் போயிருப்பாள் என்ற எண்ணத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. யாரோ கொண்டுபோயிருக்க வேண்டும், வாளியையோ மோட்டரையோ கொண்டுபோகிற மாதிரி. பழைய கதை என்று நினைத்துவிட வேண்டாம். நம் தண்டனைச் சட்டத்தின் 498ஆம் பிரிவு அதையேதான் சொன்னது. கூட்டரசு நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது 2023 டிசம்பரில்.

அத்தைக்கு இந்தப் பிரிவு எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது லயம்.

பாறை அடுக்கிய அன்று ராத்திரி சாப்பிட்டபிறகு, அப்பா தூங்கப் போனதும், தானாகவே பேசினார். கல்யாணம் 1970இல், பதினெட்டு வயதில், அதே தோட்டத்துக்குள்ளேயே. ஒரு அறை, ஒரு குசினி. பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருக்கிற பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே திறந்திருக்கும். அவர் அடி வாங்குவது வரிசையில் இருக்கிற எட்டு வீட்டுக்கும் கேட்கும். காலையில் பெரட்டுக்கு நிற்கும்போது யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். "ஒருத்தி மட்டும் எனக்கு மங்கு தொடச்சுக் குடுப்பா. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டா."

லயங்கள் ஏன் அப்படி நெருக்கியடித்து இருந்தன என்பதற்கு சுங்கை சிப்புட்டில் ஒரு தனிக் காரணமும் உண்டு. 1948 ஜூன் 16 அன்று அங்கே தோட்டத் துரைகள் மூவர் சுடப்பட்டதோடுதான் அவசரகாலம் தொடங்கியது. அதற்குப் பிறகு தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளை ஓரிடத்தில் திரட்டி முள்வேலி போட்டார்கள். வேலி போனபிறகும் வீடுகள் அப்படியேதான் இருந்தன.

"ராத்திரி வெளிய ஓடிருவேன்" என்றார் அத்தை. "ஓடி என்னா செய்ய? கித்தா மரம் நெரை நெரையா கோடு போட்ட மாதிரி நிக்கும். டார்ச்சு அடிச்சா கடசி மரம் வரைக்கும் தெரியும். ஒரு மரத்துக்குப் பின்னாடி நின்னா, அவன் பக்கத்து நெரைக்கு வந்தா தெரிஞ்சிரும். அடியில புல்லுகூட இருக்காது, சுத்தமா வச்சிருப்பாங்கல்ல, நல்ல தோட்டம்."

நான் கித்தாக் காட்டைப் படங்களில் பார்த்திருக்கிறேன். அந்த நேர்கோட்டு வரிசைகளை எல்லோரும் அழகு என்றுதான் எழுதுகிறார்கள், கல்யாண ஜோடிகள் அங்கே போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

எண்பதுகளில் கித்தாவை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டார்கள். மலேசியா முழுக்க அதுதான் நடந்தது. உலகத்திலேயே அதிகமாக ரப்பர் உற்பத்தி செய்த நாடு என்ற இடத்தைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாய்லாந்திடம் கொடுத்துவிட்டோம். இதைப் பற்றி நம் எழுத்தாளர்கள் நிறைய அழுதிருக்கிறார்கள். அழ வேண்டிய விஷயம்தான். வீடு போனது, பள்ளிக்கூடம் போனது, கோயில் போனது. ஆனால் அத்தை அழவில்லை. "செம்பனை சின்னதா இருக்கறப்ப மட்ட தரையத் தொட்டுக்கிட்டு இருக்கும். உள்ள போயி குந்திக்கிட்டா யாருக்கும் தெரியாது. ரெண்டு மூணு வருசம் அப்பிடித்தான். பாம்பு இருக்கும். இருந்துட்டுப் போவட்டும், அது பாட்டுக்கு அது."

பகலில் உதிரிப் பழம் பொறுக்கிய அதே மரங்களுக்கு அடியில் ராத்திரி உட்கார்ந்திருக்கிறார்.

நடுவில் இரண்டு முறை வீட்டை விட்டுப் போயிருக்கிறார். ஒருமுறை பக்கத்துத் தோட்டத்தில் இருந்த சித்தி வீட்டுக்கு. கோயில் தலைவரும் இன்னும் நான்கு பேரும் லோரியில் வந்து, அனுசரித்துப் போகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னொரு முறை ஈப்போவில் வேலைக்குச் சேர்ந்திருந்த தம்பியிடம். தம்பி மூன்று நாள் வைத்திருந்து, பஸ் ஏற்றி, தானே கூட வந்து விட்டுவிட்டுப் போனார். தம்பி என்றால் என் அப்பா.

இதைச் சொல்லும்போது அத்தையின் குரலில் கோபம் இல்லை. "அவனுக்கும் அப்ப ஒரு ரூமுதான். ரெண்டு பேரு சேந்தாப்புல" என்றார். அந்தக் காலத்தில் வேறு எங்கே போயிருக்க முடியும் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். மலேசியாவில் அடிபட்ட பெண்களுக்கான முதல் புகலிடம் 1982இல் பெட்டாலிங் ஜெயாவில் திறந்தது. சுங்கை சிப்புட்டில் பால் வெட்டும் ஒருத்திக்கு அது சந்திரன் மாதிரி. குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறியது, அமலுக்கு வந்தது 1996 ஜூன் 1. அத்தை மூன்றாவது முறையாகவும் கடைசியாகவும் வீட்டைவிட்டுக் கிளம்பியது 1993இல். மகனுக்கு இருபது வயதாகி, கோலாலம்பூரில் வேலைக்குப் போய்விட்டான். பகலில், எல்லோரும் வேலைக்காட்டில் இருக்கும்போது, ஒரு பிளாஸ்டிக் பையோடு சடக்குக்கு நடந்து வந்து பஸ் ஏறி, மேடான் கிட்டில் இறங்கியிருக்கிறார். அப்போது அப்பாவுக்குக் கல்யாணமாகி இந்த வீடு வாங்கியாகிவிட்டது. அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் பின்னறையில் இருந்த சாமான்களை எடுத்து வெளியே வைத்திருக்கிறார். அந்த அறையில்தான் அத்தை முப்பது வருடமாக இருக்கிறார்.

தொட்டியில் பெண்ணின் வால் ஆறு வாரத்தில் வளர்ந்துவிட்டது. இப்போது வலப்பக்கக் குவியல் அதனுடையது. இடப்பக்கம் ஆணுடையது. இரை போட்டால் இரண்டும் நடுவில் மேலே வரும், தின்னும், பிரியும். சில நாள் ஆண் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து பார்க்கும். பெண் உள்ளே போய் மறுபக்கமாக வெளியே வரும். அதற்குள் ஆண் அலுத்துப் போய்த் திரும்பியிருக்கும். இதை ஒற்றுமை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இரண்டும் உயிரோடு இருக்கின்றன, தின்கின்றன. எட்டடிக்குப் பதிலாக நாலடியாக இருந்திருந்தால் பாறையை எப்படி அடுக்கியும் பிரயோசனம் இருந்திருக்காது. மீனின் குணம், மீனின் குணம் என்று பேசுகிறவர்களிடம் நான் இப்போதெல்லாம் தொட்டி எத்தனை அடி என்றுதான் கேட்கிறேன்.

போன மாதம் அத்தான் கூப்பிட்டார். அத்தையின் மகன். கோலாலம்பூரில் மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார், எழுநூறு சதுர அடி, மூன்று அறை. மாமா இரண்டு வருடமாக அவருடன்தான். ஒரு பக்கம் கை கால் வராது. அத்தான் நல்ல மனிதர், அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பத் தவறியதில்லை. "கடைசி காலத்துல ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கட்டுமே. அப்பாவால இப்ப என்ன பண்ண முடியும்? அவரும் அம்மாவ கேக்குறாரு" என்றார். பேத்திக்கும் ஆசையாம், பாட்டியும் தாத்தாவும் ஒரே வீட்டில்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா என்னா சொல்லுதோ அதான். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். அப்புறம் எழுந்து வெளியே போய் மோட்டரைத் துடைக்க ஆரம்பித்தார்.

அத்தை இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலை தே ஓ குடித்துக்கொண்டே, "ரெண்டு நாளு போயிட்டு வர்றேன். பிள்ளையப் பாக்கணும். டிக்கட்டு ரெண்டும் இப்பயே எடுத்துரு, போறதும் வர்றதும்" என்றார். இணையத்தில் ஈ.டி.எஸ். ரயிலுக்கு எடுத்தேன், வெள்ளிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்ப. பணம் கட்டியாகிவிட்டது என்று சொன்னபிறகும் திரும்புகிற டிக்கட்டைத் தாளில் அச்செடுத்துத் தரச் சொன்னார். கைத்தொலைபேசியில் இருப்பதை அவர் நம்பவில்லை.

"அத்தான்கிட்ட இன்னொண்ணு கேளு. எனக்குக் குடுக்கற ரூமுக்கு உள்தாப்பா இருக்கான்னு."

கேட்டேன். அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பாத்துட்டுச் சொல்றேன் என்று வைத்துவிட்டார். மறுநாள் சாயங்காலம் வாட்சப்பில் ஒரு படம் வந்தது. கதவின் உள்பக்கத்தில் புதுத் தாழ்ப்பாள், பளபளவென்று. துளை போட்ட மரத்தூள் இன்னும் கீழே கிடந்தது, பெருக்கவில்லை. அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, நன்றாகப் பார்த்தார்.

"ஸ்க்ரூ சின்னதா இருக்கே" என்றார்.